இணைந்திருப்பவை: இரண்டு

கணினி பழுதுபார்ப்பது என் நாத்தனாரின் தொழில். நாளையிலிருந்து நான் வீட்டிலிருந்தே வேலை பார்க்க வேண்டும். என் வைஃபையில் வெளியாள் யாரும் இல்லை என்று அலுவலகத்துக்கு இன்றே எழுதி அனுப்ப வேண்டும். அவள் வைஃபை பிடிக்கும் கட்டைவிரல் அளவு அடாப்டரை என் கணினியில் செருகினாள். வைஃபைக்குப் புது பாஸ்வேர்டு போட்டாள். எனக்குக்கூடக் காட்டவில்லை.

"உங்க வாயில எது நிக்கும், அண்ணி?"

தயங்காத அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலைத் திறந்தாள். கணினி மட்டும் இருக்க வேண்டும். இரண்டு இருந்தன. இரண்டாவது என் கணவரின் போன். போன வருடம் அவர் சட்டைப் பையில் வைத்து, அவரோடு புதைத்த போன்.

அவள் பாஸ்வேர்டை மாற்றினாள். மறுபடியும் இரண்டு. இருபது எழுத்தில் இன்னொன்று போட்டாள். இரண்டுதான்.

"நான் போடுற பூட்டை அண்ணன் ஒருத்தர்தான் திறப்பாரு," என்றாள். குரலில் பயமில்லை, பெருமைதான் இருந்தது. "தடுத்துடவா? ஒரு பட்டன்தான்."

எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

"வேண்டாம். வெளியாள் யாரும் இல்லைன்னே எழுதிடலாம்."

எழுதி அனுப்பினோம். திரையில் அவர் போனுக்கு நேரே சிக்னல் கோடுகள் நிறைந்திருந்தன. இந்த அறைக்குள் இருந்தால்தான் அத்தனை கோடுகள் வரும்.