ஐந்தாண்டு இலக்கு

மனித குலம் உருப்படாமல் போனதற்கு ‘ஆசை’ என்ற ஒரே சொல்தான் காரணம் என்று விற்பனை மேலாளர் கண்டுபிடித்து வைத்திருந்தார்.

“உங்க அஞ்சு வருஷ இலக்கு என்ன?” என்று எதிரில் உட்கார்ந்திருந்தவளைக் கேட்டார்.

“சொந்தமா ஒரு தையல் கடை வைக்கணும்னு ஆசை.”

“ஆசைன்னு சொல்லாதீங்க. ஆசைப்படறவன் கொட்டாவி விடுவான், இலக்கு வச்சவன் ஓடுவான். இந்த மாசத்துக்குள்ள ஆளை முடிவு பண்ணிடணும், இது என் இலக்கு. ஏழு பேரைப் பார்த்தாச்சு, ஒருத்தரும் சரிவரல.”

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“வேலைக்குன்னா நாளைக்கே சேர்ந்திருப்பேன் சார். உங்களுக்குக் கழுத்தை நீட்டறதுன்னா, மன்னிச்சுக்குங்க. வெளியில காத்திருக்கற அப்பாகிட்ட இந்தச் சம்பந்தம் வேண்டாம்னு சொல்லிடறேன்.”

மேலாளர் பதறி எழுந்தார்.

“இருங்க, இருங்க! எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு. உங்களைத்தான் கட்டிக்கணும்னு…”

“இலக்கா?”

“ஆசைங்க” என்றார், அந்தக் காபிக் கடையில் பக்கத்து மேசைக்குக் கேட்காத குரலில்.