ஒட்டுப்போட்ட சுருட்டு

வீட்டில் மிஞ்சியிருந்தது அந்த ஒரே சுருட்டுதான். அதன் மேல் இலையும் நுனியிலிருந்து பாதிவரை கிழிந்து தொங்கியது. மகள் அதைக் கெட்டில் ஆவியில் காட்டினாள். இலை இளகிக் கொடுத்தது.

"வேற வாங்கிட்டு வரேனே?" என்றான் கணவன்.

"கடை திறக்கப் பத்து மணியாகும். அப்பா இப்பவே கேக்கறார். அந்த முட்டைய உடைங்க, வெள்ளைக்கரு மட்டும் போதும்."

பிள்ளையின் பெயின்ட் பிரஷால் வெள்ளைக்கருவைத் தடவி, கிழிசலை நீவி ஒட்டினாள். ஒரு பக்கம் பிடித்தால் மறு பக்கம் வாயைப் பிளந்தது.

"ஒட்டித் தொலையேன்!" என்று சுருட்டிடமே கெஞ்சினாள். தையல் நூலைச் சுற்றி, ஊதி ஊதிக் காயவைத்து, ஒருவழியாக நூலைப் பிரித்தாள்.

உள்ளறையில் அப்பா இருமினார். "என்னம்மா, கிடைக்குமா கிடைக்காதா?"

கண்ணைத் துடைத்து, சிரிப்பை வரவழைத்துக்கொண்டு போனாள். "இந்தாங்கப்பா. ரிப்போர்ட் எல்லாம் நல்லா இருக்காம். பயப்பட ஒண்ணுமில்லையாம்."

அப்பா ஒட்டுப்போட்ட இடத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"போன வாரம் நீ என் வாயிலேர்ந்து பிடுங்கிக் கிழிச்சதுதானே இது?"

"ஆமாப்பா."

"சின்னப் பிள்ளையிலேர்ந்து என் சுருட்டக் கண்டாலே கிழிச்சுப் போடறவ நீ. இன்னிக்கு ஒக்காந்து ஒட்டிக் கொண்டாந்து குடுக்கறே."

அவர் தீப்பெட்டியை எடுக்கவில்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"டாக்டர் எத்தனை நாள்னு சொன்னாரும்மா?"