வியூஃபைண்டருக்கு வெளியே

ஆஸ்பத்திரிக் கட்டிலில் தலையணையை முட்டுக்கொடுத்து அம்மாவை உட்கார வைத்திருக்கிறோம். ஜன்னல் வெயில் போர்வைவரை வந்து நிற்கிறது. "அப்பா, நீங்க கொஞ்சம் தள்ளிக்குங்க, அம்மா மட்டும் போதும்" என்கிறேன். அப்பா தலைமாட்டுக்குப் பின்னால் சுவரோரம் ஒதுங்குகிறார். காலையிலிருந்து அவர் வாயில் ஒரே பேச்சுதான்: "ரெண்டே நாள், வீட்டுக்குப் போயிடலாம்." ஒற்றைக் கண்ணை இடுக்கி வியூஃபைண்டரில் பார்க்கிறேன். அம்மா இருக்கிறாள், டிரிப்ஸ் பாட்டில் இருக்கிறது, அப்பா இல்லை. பொத்தானை அழுத்துகிறேன். "காட்டுடி" என்று அம்மா கையை நீட்டி வாங்கிக்கொள்கிறாள். கொடுத்த பிறகுதான் எனக்கு உறைக்கிறது. கடையில் இருந்ததிலேயே விலை குறைந்த கேமரா இது. வியூஃபைண்டர் கண்ணுக்குக் காட்டுவதைவிட ஓரத்தில் ஒரு விரற்கடை கூடுதலாகவே படம் எடுத்துவிடும். கேமராவின் பின்பக்கத் திரையில் அம்மாவின் பார்வை தன் முகத்தில் நிற்காமல் இடது ஓரத்துக்குப் போகிறது. அங்கே பாதி முகமாக விழுந்திருக்கும் அப்பா, கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறார். சற்று நேரத்தில் திரை தானாக அணைகிறது. "படத்துல நல்லா விழுந்திருக்கியா?" என்று பின்னாலிருந்து அப்பா, தொண்டையைச் செருமிக் குரலைச் சரிசெய்துகொண்டு கேட்கிறார். அம்மா கேமராவை மடியில் கவிழ்த்து வைக்கிறாள். திரும்பிப் பார்க்காமலே கேட்கிறாள், "டாக்டர் எத்தனை நாள்னு சொன்னாருங்க?"