நாற்பத்திரண்டு மெசேஜ்கள்

"இதையெல்லாமா அனுப்பணும்?" என்று கேட்டார் லிஃப்ட் கம்பெனி முதலாளி. அவருடைய செல்போன் வக்கீல் கையில் இருந்தது.

"ஆமா சார். ரெண்டு கம்பெனி ஒண்ணாச் சேரணும்னா, போட்டி இல்லாம விலையை ஏத்திடக் கூடாதுன்னு பார்க்கிற போட்டி ஆணையம் சம்மதிக்கணும். அதைப் பத்தி நீங்க எழுதின கடிதம், மெயில், மெசேஜ் எல்லாமே அவங்களுக்கு ஆவணம்தான்."

அந்தப் பெண் வக்கீலுக்கு இது முதல் பெரிய கேஸ். ஊரில் லிஃப்ட் செய்கிற கம்பெனிகளே இரண்டுதான். பெரியது சின்னதைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளப் போகிறது. சின்னதின் முதலாளியான இவர் அதிர்ந்துகூடப் பேசாதவர். வேலை சுலபமாக முடிந்துவிடும் என்று நம்பி வந்தவள், அவர் கம்பெனியில் கூட்டாளியான தன் தம்பிக்கு அனுப்பியிருந்ததைப் படித்ததும் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"'ரெண்டும் சேர்ந்துட்டா நாம சொல்றதுதான் விலை. கட்டுப்படியாகாதவன் படியேறிப் போகட்டும்.' என்ன சார் இது?"

"சும்மா தமாசுக்கும்மா."

"ஆணையத்துல யாரும் சிரிக்க மாட்டாங்க. அடுத்தது, 'ஏழாவது மாடிக்காரன் எங்க போயிடுவான்? ரிப்பேருக்கு மூணு மடங்கு கேட்போம்.' இதுக்கு உங்க தம்பி கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருக்கார். அந்தக் கட்டைவிரலும் ஆணையத்துக்குப் போகணும்."

முதலாளி முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அழிச்சுட்டா?"

"அந்தப் பேச்சே வேண்டாம் சார். அழிச்சா அது தனிக் குத்தம்."

"தம்பி போன்லயுமா?"

"அங்கேயும்தான். அவர் தொடவே கூடாது."

"ஒண்ணே ஒண்ணுகூட விட்டுப்போகாதா?"

"போகாது சார்."

அவர் பெருமூச்சு விட்டார். வக்கீலுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"வருஷக்கணக்கா தம்பிக்கு 'ம்', 'சரி' தவிர எதுவும் அனுப்பாத மனுஷன் நீங்க. போன வாரம் மட்டும் நாற்பத்திரண்டு மெசேஜ். சந்தோஷத்துல தலைகால் புரியல போலிருக்கு."

"இதைப் பார்த்துட்டு ஆணையம் வேண்டாம்னு சொல்லிட்டா?"

"ஒப்பந்தம் அதோட ரத்து. யாரும் யாருக்கும் நஷ்டஈடு தர வேண்டாம். உங்க தம்பி மாசக்கணக்கா மன்றாடி உங்களைக் கையெழுத்துப் போட வெச்சதுதான் வீண்."

அவர் தலையைக் குனிந்துகொண்டே வெளியே போனார். வக்கீல் அன்று மத்தியானம் சாப்பிடவே இல்லை.

முதலாளியின் வீட்டு வாசலிலேயே அவர் மனைவி காத்திருந்தாள். "என்னங்க ஆச்சு? வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். ஒரு மெசேஜ் போட்டிருக்கக் கூடாதா?"

"போட்டா அதையும் சேர்த்து அனுப்பிடுவாங்க" என்றபடி கதவைச் சாத்திவிட்டு, அவள் காதோரம் குனிந்தார். "நீ சொல்லச் சொல்ல நான் டைப் அடிச்ச நாற்பத்திரண்டும் ஒண்ணு விடாம ஆணையத்துக்குப் போகுது. நம்ம கம்பெனி இனி நம்மளை விட்டு எங்கேயும் போகாது."