முட்டி வரைக்கும்

"ஏங்க, தண்ணி எதுவரைக்கும் இருக்கு?"

"முட்டி வரைக்கும்தான்."

தையல்காரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கழிமுகத்தில் இறங்கித் தூண்டில் போடக் கணவன் கிளம்பியபோதே படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்: "கடல் தண்ணி உள்ள ஏறுற நேரம். முட்டியைத் தாண்டுச்சுன்னா, மீனாவது மண்ணாவதுன்னு கரைக்கு வந்துடணும்."

அரை மணி கழித்து மறுபடி போன் போட்டாள்.

"இப்ப?"

"அதே முட்டிதான். நீ பேசாம துணியைத் தை."

"போன் நனைஞ்சிடப் போகுது!"

"அது தொப்பிக்குள்ள பத்திரமா இருக்கு. ஒயரைக் காதுல மாட்டியிருக்கேன்."

மூன்றாவது முறை கேட்டபோதும், "முட்டிதான். இதோ, கிளம்பிட்டேன்" என்றான். ஆனால் அலை சலசலப்பது அவன் காதுக்குப் பக்கத்திலேயே கேட்டது.

ஊசி விரலில் குத்தியது. ஒரு மணி நேரமாக ஏறுகிற தண்ணீர் இவர் முட்டியிலேயே எப்படி நிற்கும்? செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள்.

தெருமுனையில் அவனே எதிரே வந்தான், கையில் மூன்று மீன்களோடு. சட்டைக் காலரிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"ஐயோ, விழுந்துட்டீங்களா?"

"சேச்சே! நீ சொன்னதைத் தாண்டுவேனா?"

தூண்டிலைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, கைமுட்டியைப் பெருமையாகக் காட்டினான்.

"தண்ணி ஏற ஏற, நானும் கையைத் தூக்கிக்கிட்டே வந்தேன். கடைசி வரைக்கும் முட்டியைத் தாண்ட விடலையே!"