கல்லிடைக்கு அப்பால்

"அக்கா, பிள்ள தூங்கவே மாட்டேங்கா. மூணு ராத்திரியாச்சு. காலைல நான் வேலைக்குச் சேந்தாகணும்," என்று போனில் அழுதாள் தங்கை சண்பகம்.

"அப்பா பஸ்ஸ விட்டுப் பாத்தியா?"

எங்கள் அப்பா கண்டக்டர். தாலாட்டு வராது. எங்களை மடியில் போட்டுக்கொண்டு மேலப்பாளையத்திலிருந்து பாபநாசம்வரை ஊர்ப் பெயர்களைச் சொல்லுவார். ஊருக்கு ஊர் வாயாலேயே ஒரு விசில்.

"விட்டேன்க்கா. சேரன்மாதேவிக்கு மேல ஞாபகமில்ல."

"நீ எங்க முழிச்சிருந்த? போன அவ பக்கத்துல வையி."

நான் தொடங்கினேன். பத்தமடையில் குழந்தை வீறிட்டது. "பாய் வாங்குறவுகல்லாம் எறங்குங்க," என்றேன், அப்பா மாதிரியே. சண்பகம் சிரித்தாள். வீரவநல்லூரில் அழுகை நின்றது.

"ஏட்டி, தூங்கிட்டாளா?"

சீரான இரண்டு மூச்சுகள் மட்டும் கேட்டன.

நானும் அந்நாளில் அப்பா மடியில் கல்லிடைக்குறிச்சியைத் தாண்டி முழித்திருந்ததில்லை. ஆனாலும் நிறுத்த மனம் வரவில்லை. அம்பாசமுத்திரம், விக்கிரமசிங்கபுரம் என்று மெல்லப் போனேன். பாபநாசம் வந்துவிட்டது. அங்கே போய்ச் சேர்ந்ததும் அப்பா என்ன சொல்லுவார் என்பது எங்கள் இருவருக்குமே தெரியாது. விசிலுக்குக் குவித்த வாயோடு, போனை வைக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.