இடது முழங்காலுக்கு ஒரு விலக்கு

என் இடது முழங்காலில் நாற்பத்தொரு முறை அடிபட்டிருப்பதாக ராணுவ ஆள்சேர்ப்பு மருத்துவக் குழு சொன்னது. அந்தக் காலில் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை.

எல்லாம் அம்மாவின் வேலை. வீட்டுச் சுவரில் இருக்கும் டாக்டர் பெட்டி ஒப்புக்கொண்டால்தான் பள்ளியில் லீவு கிடைக்கும். காய்ச்சல் என்றால் பெட்டியே தொட்டுப் பார்த்துவிடும். வலியை மட்டும் அதனால் பார்க்க முடியாது. ஆகவே சித்தி மகளுக்குக் காதுகுத்து, அத்தை வீட்டில் பால்காய்ச்சு, தென்காசியில் கோயில் கொடை என்று எதற்குப் புறப்பட்டாலும் எனக்கு முழங்கால் வலி வந்துவிடும். ஒவ்வொரு முறையும் 'இடது முழங்காலில் அடி' என்று பெட்டி பதிந்துகொண்டது; அந்தப் பதிவுதான் ராணுவம்வரை போயிருந்தது.

"நாந்தான் பொய் சொன்னேன், எம்பிள்ளைக்கு ஒண்ணுமில்ல சார்," என்றாள் அம்மா.

மருத்துவ அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "பொய்னு எழுதினா ராணுவத்துல சேர உங்க குடும்பத்துக்கே தடைம்மா. காயம்னா விலக்கு கேக்கலாம்."

கேட்டோம். பழைய காயம் இனி என்னைத் தடுக்காது என்று இருவரும் கையெழுத்துப் போட்டோம். விலக்கு கிடைத்தது.

பயிற்சியின் மூன்றாம் நாள் மதிலேறிக் குதித்தபோது அதே இடது முழங்கால் நிஜமாகவே பிசகி, பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. நொண்டிக்கொண்டே போய் முகாமின் டாக்டர் பெட்டியிடம் சொன்னேன்.

"நாற்பத்திரண்டாவது முறை," என்றது பெட்டி. "ஏற்கெனவே விலக்கு அளிக்கப்பட்ட காயம். ஓய்வு கிடையாது. ஓட்டத்துக்குப் போகலாம்."

அழுகையோடு அம்மாவுக்குப் போன் செய்தேன். முழுவதையும் கேட்டுவிட்டுச் சற்று யோசித்தாள்.

"ஏட்டி, வலது காலுன்னு சொல்லிப் பாத்தியா?"